ஜான் ஏறினால் முழம் சறுக்கும்!

அமெரிக்காவில் ஒரு சினிமா விருது. பரிசாகக் கண்ணாடி மாதிரி ஒரு பிரமிடைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே என்ன தெரியுமோ? தங்கமில்லை, வைரமில்லை... ஷூ லேஸ்!

கையில் காசில்லாமல் ஒரு காரியத்தை ஒப்பேற்றினால், அதை ஷூ லேஸோடு சேர்த்துச் சொல்வது இங்கிலீஷ்காரர்கள் வழக்கம். அதுதான் சங்கதி. பெரிய ஸ்டுடியோ முதலாளிகளின் தயவில்லாமல், கைக்காசும் கடன்காசுமாகப் படமெடுக்கிற ஆசாமிகளுக்காக 1984-ல் தொடங்கிய விருது இது. பெயர், இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட். பல வருடங்கள் ஆஸ்கருக்கு முதல் நாள், சான்டா மோனிகா கடற்கரையில் பந்தல் போட்டு விழா நடத்தினார்கள். பிற்பாடு பிரமிடு போய், கம்பத்தின் மேல் சிறகு விரித்த பறவை வந்தது. லேஸ் மட்டும் போகவில்லை. கம்பத்தைச் சுற்றிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. கடன் மாதிரி!

பி.காம். படித்த பாவம், எந்த விருதைப் பார்த்தாலும் எனக்கு வரவு-செலவுதான் கண்ணில் படுகிறது. இந்த விருதிலேயே ஜான் கசாவெட்டிஸ் பெயரில் ஒரு பிரிவு உண்டு. 5 லட்சம் டாலருக்குள் எடுத்த படங்களுக்கு என்று வைத்திருந்தார்கள். விலைவாசி அங்கேயும் ஏறுமில்லையா... இப்போது வரம்பு 10 லட்சம் டாலர்.

2016-ல் இதைத் தட்டிக்கொண்டு போன படம் 'கிரிஷா'. டைரக்டர் தன் அம்மா வீட்டிலேயே ஒன்பது நாளில் எடுத்து முடித்தார். கதாநாயகி, அம்மாவின் கூடப் பிறந்தவர். அம்மா, பாட்டி எல்லோருக்கும் வேஷம் உண்டு. நம்ம வீட்டில் முயற்சி செய்து பாருங்களேன்! ஒரு குரூப் போட்டோவுக்கே, 'என்னை ஏன் ஓரத்துல நிக்க வச்சே?' என்று பெரியப்பா கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அது இருக்கட்டும். யார் இந்த ஜான்? நடிகர். 1957-ல் ஒரு ராத்திரி ரேடியோ நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்து, 'நிஜ மனுஷங்களைப் பத்திப் படம் வேணும்னா, நீங்களே காசு அனுப்புங்க' என்கிற ரீதியில் கேட்டுவிட்டார். சுமார் 2,000 டாலர் வந்து சேர்ந்தது! அப்படிப் பிறந்தது 'ஷேடோஸ்'. பிறகு மற்றவர்கள் படங்களில் நடித்துச் சம்பாதித்ததைத் தன் படங்களில் போட்டார். 1974-ல் வந்த படத்துக்கு வீட்டையே அடமானம் வைத்தார். அந்தப் படம் அவருக்கும் மனைவி ஜீனா ரோலண்ட்ஸுக்கும் ஆஸ்கர் நாமினேஷன் வாங்கிக் கொடுத்தது.

நம்ம பக்கத்திலும் ஒரு ஜான் இருந்தார். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்துத் தேசிய விருது வாங்கிய ஜான் ஆப்ரகாம். எல்.ஐ.சி. உத்தியோகத்தை விட்டுவிட்டுப் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனவர். எல்.ஐ.சி. உத்தியோகத்தை, சார்! கேரளத்தில் 'ஒடேஸா' என்று ஒரு கூட்டம் சேர்த்து, ஊர் ஊராகப் போய், சாப்ளின் படம் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் சில்லறை வசூலித்து, 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார். ஊர் கூடித் தேர் இழுப்பார்கள். இவர் ஊர் கூட்டிப் படச்சுருள் இழுத்தார். அடுத்த வருடமே காலமானார். வயது 49. அவர் பெயரிலும் கேரளத்து ஃபிலிம் சொஸைட்டிக்காரர்கள் விருது கொடுக்கிறார்கள்.

இரண்டு ஜான்களும் ஜனங்களிடம் கையேந்தினார்கள். இரண்டு பேர் பெயரிலும் விருது. ரொம்ப சந்தோஷம். ஆனால் கணக்கு நேராகிவிட்டதா?

ஆகவில்லை என்று மேடையிலேயே போட்டு உடைத்தார் ஷான் பேக்கர். ஐபோனில் ஒரு முழுப் படத்தை எடுத்து, 2015-ல் வெளியிட்டு அசத்தியவர். 2025 பிப்ரவரியில் 'அனோரா' படத்துக்காகச் சிறந்த டைரக்டருக்கான ஸ்பிரிட் விருது வாங்க மேடை ஏறினார். 'அம்மாவுக்கு நன்றி, அப்பாவுக்கு நன்றி'யோடு நிற்கவில்லை. ஒரு படத்துக்கு மூணு வருடம் ஆகிறது, கிடைக்கிற சம்பளத்தை அத்தனை வருடத்துக்கும் வகுத்தால் குடித்தனம் நடத்த முடியவில்லை, வேறு வேலை பார்த்துப் பிழைக்க வேண்டியிருக்கிறது என்று புட்டுப் புட்டு வைத்தார். எட்டாம் நாள் அதே மனிதருக்கு ஒரே ராத்திரியில் நாலு ஆஸ்கர்! அவருக்கே அந்தக் கதி என்றால், முதல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பையனையும் பெண்ணையும் நினைத்துப் பாருங்கள்.

'ரொம்பக் கம்மி செலவுல எடுத்துட்டாங்க' என்று நாம் கைதட்டுகிற ஒவ்வொரு படத்தின் கணக்கிலும் ஒரு வரி காலியாக இருக்கும். டைரக்டரின் சம்பளம்! அதை எழுதாததால்தான் செலவு கம்மி. காமர்ஸில் இதற்குச் சிக்கனம் என்று பெயரில்லை. கொடுக்க வேண்டிய பாக்கி.

இதே ஸ்பிரிட் விருதில் வளரும் டைரக்டர்களுக்கென்று ஒரு பிரிவில், 25,000 டாலர் ரொக்கமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். 'எதுக்குச் செலவழிச்சே?' என்று கேட்பதில்லை. புண்ணியவான்கள்! விருது கொடுக்கிற எல்லோரும் இதைக் காப்பியடித்தால் தேவலை.

கேடயம் வைக்க ஓர் அலமாரி வேண்டும். அலமாரி வைக்க ஒரு வீடு வேண்டும். வீடு என்றால், ஒண்ணாம் தேதி வாடகை கேட்க ஒருத்தர் வருவார். அவருக்கு ஷூ லேஸைக் காட்ட முடியுமோ?