எழுவாய் எங்கே?

வைப்பினிலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம் குடும்பத்தார்க்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதவேண்டிய தேவை அடிக்கடி நேர்கின்றது. வீட்டு முன்பணம் குறித்து அன்பர் ஒருவர் வரைந்த கடிதத்தை அண்மையில் கண்டோம். 'கேவ் ஃபிஃப்டி தவுசண்ட். ரிட்டர்ண்ட் ஹாஃப். ஆஸ்கிங் பாலன்ஸ்' என்று இருந்தது. கொடுத்தவர் யார், திருப்பியவர் யார், கேட்பவர் யார்? படிப்பவர் விரும்பியவாறு பொருள் கொள்ளலாம். இருபத்தையாயிரம் ரூபாய் இம்மூன்று வரிகளை நம்பி நிற்கின்றது!

அன்பர் தமிழில் எண்ணினார். தமிழில் அது பிழையன்று. 'கொடுத்தேன்' என்றால் நான் என்பதும், 'கொடுத்தார்' என்றால் அவர் என்பதும் விகுதியிலேயே அடங்கிவிடும். எழுவாய் தோன்றாமல் நிற்கலாம். ஆங்கில வினைக்கு அவ்வளவு விகுதி வளமில்லை. 'கேவ்' என்பது எல்லார்க்கும் ஒன்றே. இதை நம் பிள்ளைகளுக்கு விளக்குதல் எளிது. பள்ளியில் அவர்கள் பயிலும் மலையாளத்தில் 'ஞான் கொடுத்து', 'அவன் கொடுத்து' என்று வினை மாறாமலே நிற்பதைக் காட்டினால் போதும். ஆகவே ஆங்கிலத்தில் ஒவ்வொரு வினைக்கும் முன்னே 'ஐ', 'ஹி', 'வி' என எழுவாயை நிறுத்துக.

வினையெச்சம் இதனினும் வஞ்சகமானது. 'துறைக்கு வந்து பார்த்தால் படகு போய்விட்டது' என்கிறோம், ஒருவரும் மயங்குவதில்லை. அதையே 'ரீச்சிங் த ஜெட்டி, த போட் ஹாட் லெஃப்ட்' என்றால், துறையை அடைந்ததும் படகே என்றாகிவிடும். 'வென் ஐ ரீச்ட் த ஜெட்டி' என்று தொடங்குவதே முறை.

பிறமொழி இலக்கணத்தில் இடறுவது நமக்கு மட்டும் உரியதன்று. அண்டிரிக் அடிகளார் என நாம் அழைக்கும் என்றிக் என்றீக்கசு பாதிரியார் பதினாறாம் நூற்றாண்டில் தமிழ் கற்று, தமிழ் இலக்கணத்தைப் போர்த்துகீசிய மொழியில் எழுதினார். இலத்தீன் இலக்கணமே அவர் கையிலிருந்த அளவுகோல். அவருடைய 'கிரிசித்தியானி வணக்கம்' 1579இல் இதே கொச்சியில் அச்சேறியது. நம் வினைமுற்றுகள் அவரை எவ்வளவு வருத்தினவோ!

'ஐ ஆம் ஹாவிங் டூ சில்ட்ரன்' என்பதை 'ஐ ஹாவ்' எனத் திருத்துக. மகள் கல்லூரியில் 'பாஸ்ட் அவுட்' என்று அயல்நாட்டுக்கு எழுதினால், அங்குள்ளோர் மயங்கி விழுந்தாள் என்று கொள்ளக்கூடும்; 'கிராஜுவேட்டட்' என்க.

இனி, 'ஏ', 'த' என்னும் சிறு சொற்கள். தமிழில் இவற்றுக்கு நேர் இல்லாமையால் விட்டுவிடுகிறோம், அல்லது கண்ட இடத்தில் இடுகிறோம். மேற்சொன்ன அன்பர் பற்றுச்சீட்டே பெறவில்லை. 'ஹி டிட் நாட் கிவ் மீ ஏ ரெசீட்' என்றால் சீட்டு எதுவும் தரவில்லை என்பது தெளிவு. 'த ரெசீட்' என்று எழுதினாலோ, இருவரும் அறிந்த சீட்டொன்று எங்கோ இருப்பதாகவும், அது கைக்கு வரவில்லை என்பதே குறை என்பதாகவும் எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு. கடிதத்தை உறையிலிடுமுன் அந்த ஓர் எழுத்தை மீண்டும் பார்த்துக்கொள்க.