பார்த்து வரைவது குற்றமா? ரெம்பிராண்டும் முகலாய அரசவையும்

ஓவிய வகுப்பில் "பார்த்து வரைந்தாயா?" என்று ஆசிரியர் கேட்டால் அது பெரும்பாலும் பாராட்டு அல்ல. பார்த்து வரைவது சோம்பேறித்தனம், சொந்தமாக யோசிக்கத் தெரியாதவர்களின் வேலை என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் உலகமே கொண்டாடும் ஓர் ஓவியர், ஐம்பது வயதில், பேரும் புகழும் பெற்ற பிறகு, பிறருடைய ஓவியங்களை எதிரில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார். அவர் ஹாலந்து நாட்டு ரெம்பிராண்ட். அவர் பார்த்து வரைந்தவை முகலாய அரசவை ஓவியங்கள்!

ரெம்பிராண்ட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சூரத்தில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பண்டகசாலை இருந்தது. துணியும் அவுரியும் கப்பலேறிய அதே வணிகத்தின் வழியே முகலாயச் சிற்றோவியங்களும் ஹாலந்து போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பார்த்து, சுமார் 1656 முதல் 1661 வரையிலான ஆண்டுகளில் ரெம்பிராண்ட் வரைந்த கோட்டோவியங்களில் ஏறத்தாழ 23 இன்றும் இருக்கின்றன.

அவற்றுள் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஜஹாங்கீர் ஓர் அதிகாரியை வரவேற்கும் அரசவைக் காட்சி அது. முகலாய ஓவியர்கள் நுண்ணிய தூரிகையால், பளிச்சிடும் வண்ணங்களில், நகையின் ஒவ்வொரு மணியையும் தனித்தனியே தீட்டியவர்கள். ரெம்பிராண்டிடம் இருந்ததோ பேனா, பழுப்பு மை, தண்ணீர் கலந்து பூசிய நிழல்... அவ்வளவுதான். தலைப்பாகை, உடை, நிற்கும் விதம் ஆகியவற்றை அவர் கவனமாகப் பின்பற்றினார். ஆனால் கோடு மட்டும் அவருடையது. ஓரிடத்தில் அழுந்தி, இன்னோரிடத்தில் வேகமாக ஓடி மறையும் அந்தக் கோட்டினால், மூலத்தில் சிலைபோல் நின்றவர்கள் இங்கே இப்போதுதான் அசைந்து நின்றதுபோல் தெரிகிறார்கள். அரசவையின் ஆடம்பரம் குறைந்து, அங்கிருந்த மனிதர்கள் வெளியே வருகிறார்கள். இதை வெறும் நகல் என்று எப்படிச் சொல்வது?

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது ஐரோப்பியர் மட்டும் செய்த வேலை அல்ல. ஜெர்மானிய ஓவியர் ட்யூரரின் 1511-ஆம் ஆண்டு அச்சுப்படம் ஒன்றிலிருந்த புனித யோவானின் உருவத்தை, 1600-ஆம் ஆண்டு வாக்கில் அபுல் ஹசன் என்ற சிறுவன் பார்த்து வரைந்தான். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயதுகூட நிறைந்திருக்கவில்லை. அவன்தான் பின்னாளில் ஜஹாங்கீரின் அரசவையில் புகழ்பெற்ற ஓவியன் ஆனான். ஆக, கடல் கடந்து போன ஓவியங்களை இரு பக்கத்தாரும் பார்த்து வரைந்து கற்றிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ரெம்பிராண்டின் பெயரைச் சொன்னால் உலகம் திரும்பிப் பார்க்கிறது; அவர் பார்த்து வரைந்த முகலாய ஓவியர்களின் பெயர்களை யார் சொல்கிறார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குத் தீர்வு பார்த்து வரைவதைப் பழிப்பது அல்ல. மூலத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவதே. 2018-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி அருங்காட்சியகம் ரெம்பிராண்டின் இந்தப் படங்களை முகலாய ஓவியங்களோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்தது. எல்லா இடங்களிலும் அப்படித்தான் வைக்க வேண்டும்.

ரெம்பிராண்ட் இவற்றைப் பொழுதுபோக்காகக் கிறுக்கவில்லை என்பதற்கு அவர் பயன்படுத்திய காகிதமே சாட்சி. ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த விலையுயர்ந்த காகிதம் அது. அதுவும் எப்போது? 1656-இல் அவர் கடனைக் கட்ட முடியாமல் நொடித்துப்போனார். ஆசை ஆசையாய்ச் சேர்த்த கலைப்பொருட்களெல்லாம் பட்டியலிடப்பட்டு ஏலத்துக்குப் போயின. 1658-இல் குடியிருந்த வீடும் விற்கப்பட்டது.

அதே 1658-இல்தான் ஆக்ராவில் ஷாஜஹானை அவர் மகன் ஔரங்கசீப் சிறைவைத்தார். மறு ஆண்டு மூத்த மகன் தாரா ஷிகோ கொல்லப்பட்டார். கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ள ரெம்பிராண்டின் படம் ஒன்றில் ஷாஜஹானும் தாராவும் இன்னும் தந்தையும் மகனுமாய், பட்டும் தலைப்பாகையுமாய் இருக்கிறார்கள். வரைந்தவரும் வரையப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எல்லாவற்றையும் இழந்துகொண்டிருந்தார்கள்!

அந்த நெருக்கடியிலும் ஒருவர் உட்கார்ந்து, முன்பின் பார்த்திராத நாட்டின் அரசவையை இத்தனை பொறுமையாகப் பார்த்திருக்கிறார் என்றால் அது திருட்டு அல்ல, மரியாதை. ஆகவே ஓவிய ஆசிரியர்கள் "பார்த்து வரைந்தாயா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எப்படிப் பார்த்தாய்?" என்று கேட்கலாம்.