பால்கோவாவின் பெயருக்கு யார் காவல்?

ஒரு கிலோ பால்கோவா கிண்ட எவ்வளவு பால் வேண்டும் என்று கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்போம். பசும்பாலில் திடப்பொருள் நூற்றுக்கு 12, 13 பங்குதான். 10 லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் 1.2 முதல் 1.3 கிலோ வரை மிஞ்சும். ஒன்றேகால் கிலோ சர்க்கரையையும், பதத்தில் தங்கும் ஈரத்தையும் சேர்த்தால் மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமாக வரும். அதாவது, கிலோவுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் பால்.

உங்கள் பால் சங்கத்தில் லிட்டருக்குக் கொடுக்கும் விலையை மூன்றால் பெருக்குங்கள். சர்க்கரை, விறகு, கூலி, டப்பா, கூரியர் செலவைக் கூட்டுங்கள். பிறகு கைப்பேசியில் 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்று தேடி, அங்கே வரும் மிகக் குறைந்த விலையோடு ஒப்பிடுங்கள். பால் செலவுக்கே கட்டாத விலையில் யாராவது விற்றால், அந்த டப்பாவில் பாலுக்குப் பதில் வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் பொருள். பால் பவுடராக இருக்கலாம், மைதாவாக இருக்கலாம், வனஸ்பதியாக இருக்கலாம்.

இதில் நஷ்டம் கடைக்காரருக்கு மட்டும் இல்லை. மம்சாபுரத்திலும் வத்திராயிருப்பிலும் விடியற்காலையில் பால் கறப்பவருக்கும் நஷ்டம்தான். ஊர்ப் பெயரில் போலி ஒரு கிலோ விற்றால், இங்கே 3 லிட்டர் பாலுக்கான தேவை குறைகிறது. ஆகவே, இணைய வணிகச் சட்டம் என்பது வழக்கறிஞர்களும் பெரிய நிறுவனங்களும் மட்டும் படிக்க வேண்டிய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

சட்டம் என்ன கொடுத்திருக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போது பட்டாசு வெடித்து மகிழ்ந்தோம். ஆனால், குறியீடு கிடைத்ததும் போலி தானாக ஒழிந்துவிடும் என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். சட்டம் அப்படி அமையவில்லை.

1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டம் இரண்டு படிகளாக இருக்கிறது. முதல் படி, பெயரைப் பதிவது. இரண்டாவது படி, அந்தப் பெயரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு உற்பத்தியாளரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனித்தனியாகப் பதிந்துகொள்வது. பெயரைப் பயன்படுத்தும் தனி உரிமையை 21-ஆவது பிரிவு இந்தப் பயனாளருக்கே கொடுக்கிறது. போலி மீது வழக்குப் போடும் உரிமை, பதிவு பெற்ற உரிமையாளருக்கும் பயனாளருக்கும் உண்டு. மூன்று தலைமுறையாகப் பால்கோவா கிண்டினாலும், பதிவேட்டில் பெயர் இல்லாதவர் கையில் இந்த ஆயுதம் இல்லை.

இந்தப் பதிவுக்கான விண்ணப்பக் கட்டணம் முன்பு 500 ரூபாய். 2020-ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தி அதை 10 ரூபாயாகக் குறைத்தார்கள். புவிசார் குறியீட்டுப் பதிவகமும் நமக்குப் பக்கத்தில், சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. பதிவு 10 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். உரிய நேரத்தில் புதுப்பிக்க வேண்டும்.

தண்டனையும் லேசானதல்ல. பொய்யாகக் குறியீட்டைப் போட்டால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி, பதிவாளரின் கருத்தைப் பெற்று, பிடியாணை இல்லாமலே சோதனையிட்டுப் பறிமுதல் செய்யலாம். உரிமை மீறல் வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றமோ ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது.

ஓட்டை எங்கே இருக்கிறது?

கடைத்தெருவில் போலி விற்றால் கடை எது, ஆள் யார் என்று தெரியும். இணையத்தில் விற்பவர் ஓர் ஊர், டப்பா அடைப்பது ஓர் ஊர், விற்பனைத் தளம் இன்னோர் ஊர். இதற்காகத்தான் 2020-ஆம் ஆண்டு ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகள் வந்தன. விற்பவரின் பெயர், முகவரியைத் தளம் காட்ட வேண்டும். பொருளின் விவரமும் படமும் உண்மையோடு ஒத்திருக்கும் என்று விற்பவரிடம் உறுதிமொழி வாங்க வேண்டும். நுகர்வோர் புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இந்தியாவில் அலுவலகமே இல்லாத வெளிநாட்டுத் தளமானாலும், இங்குள்ளவர்களுக்குத் தொடர்ந்து விற்றால் இந்த விதிகள் அதற்கும் பொருந்தும்.

நல்ல விதிகள்தான். ஆனால், 5-ஆவது விதியில் ஒரு வரியை நிதானமாகப் படியுங்கள். திரும்பத் திரும்பத் தவறு செய்து, பொருள் நீக்கப்பட்ட விற்பனையாளர்களைப் பற்றிய பதிவேட்டைத் தளங்கள் வைத்திருக்க முயல வேண்டும் என்கிறது அது. எந்தச் சட்டங்களின் கீழ் நீக்கப்பட்டிருந்தால்? பதிப்புரிமைச் சட்டம், வணிகச் சின்னங்கள் சட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டம். புவிசார் குறியீடுகள் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. பிரபல செருப்புக் கம்பெனியின் சின்னத்தைத் திருடியவர் பதிவேட்டில் ஏறுவார். ஓர் ஊரின் பெயரையே திருடியவர் ஏறமாட்டார்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆவது பிரிவு, வெறும் இடைத்தரகராக இருக்கும் தளத்துக்குப் பொறுப்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. அந்த விலக்குக்கு எல்லை உண்டு என்று தில்லி உயர் நீதிமன்றம் 2018-இல் ஒரு வெளிநாட்டுக் காலணி நிறுவனம் தொடுத்த வழக்கில் சொன்னது. விற்பனையில் தளமே முனைப்பாகப் பங்கெடுத்தால் விலக்குக் கேட்க முடியாது என்றது. அந்த நிறுவனத்துக்கு வழக்கு நடத்தப் பணம் இருந்தது. நம் ஊர்ப் பால்கோவாக் கடைக்கு அது இல்லை. அதனால்தான் விதியிலேயே பாதுகாப்பு இருக்க வேண்டும் என்கிறேன்.

மற்ற நாடுகள் செய்வது

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, சிறு தளங்கள் நீங்கலாக மற்ற விற்பனைத் தளங்கள், விற்பவரின் அடையாளம், முகவரி, வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பெற்ற பிறகே கடை போட அனுமதிக்க வேண்டும். அதே ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய புவிசார் குறியீட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறியீட்டை மீறும் இணைய விளம்பரமும் விற்பனைப் பக்கமும் சட்டவிரோத உள்ளடக்கம் என்றே அது சொல்லிவிட்டது. இணைய முகவரியில் பெயரைத் திருடுவதும் அதில் அடங்கும்.

அமெரிக்காவில் 2023 ஜூன் முதல், ஓராண்டில் 200 விற்பனைகளும் 5 ஆயிரம் டாலர் வருவாயும் தாண்டும் விற்பனையாளரின் விவரங்களைத் தளம் சரிபார்த்தாக வேண்டும். ஆனால், ஊர்ப் பெயர் விஷயத்தில் அமெரிக்கா வேறு கட்சி. ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ் நாடுகளின் 'குரூயேர்' பாலாடைக்கட்டி வழக்கில், அது இப்போது பொதுப்பெயர் ஆகிவிட்டது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று 2023-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல ஆண்டுகளாக மற்றவர்கள் அந்தப் பெயரில் விற்றதே அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. 'பால்கோவா' என்ற சொல் எல்லோருக்கும் பொது. முன்னால் நிற்கும் 'ஸ்ரீவில்லிபுத்தூர்' பொதுவாகிவிடக் கூடாது என்றால், அதைக் கேட்பாரற்று விடக் கூடாது.

சீனாவிடமிருந்தும் ஒரு பாடம் உண்டு. 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டு இணைய வணிகச் சட்டம், விற்பவர்கள் எல்லோரும் பதிவு செய்யச் சொல்கிறது. தன் நிலத்தில் விளைந்ததைத் தானே விற்கும் தனிநபர் போன்றோருக்கு விலக்குத் தருகிறது. கட்டுப்பாடு போலியைத் தடுக்க வேண்டும். சிறு விவசாயியைச் சந்தையை விட்டே விரட்டக் கூடாது. இந்த அளவுகோலை நாமும் கையில் வைத்துக்கொள்ளலாம்.

பால் கறப்பவருக்கு இடம் எங்கே?

இங்கே இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். குறியீடு பால்கோவாவுக்கு. அதைத் தயாரிப்பவர் பயனாளராகப் பதியலாம். பால் ஊற்றுபவருக்கு அந்தப் பதிவில் தானாக இடம் கிடைப்பதில்லை.

ஐரோப்பாவில் இரண்டு வகைக் குறியீடுகள் இருக்கின்றன. ஒன்றில், தயாரிப்பின் ஏதாவது ஒரு கட்டம் அந்த வட்டாரத்தில் நடந்தால் போதும். மற்றொன்றில், எல்லாக் கட்டமும் அங்கேயே நடக்க வேண்டும். இத்தாலியின் 'பார்மிஜானோ ரெஜ்ஜானோ', பிரான்சின் 'கோம்தே' ஆகிய பாலாடைக்கட்டிகள் இரண்டாவது வகை. பால் அந்த வட்டாரத்துப் பால். மாட்டுக்கு ஊறுகாய்ப்புல் கூடாது என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் குறியீட்டின் மதிப்பு தொழுவம்வரை வந்து சேருகிறது. நம் ஊரிலும் தயாரிப்பாளர்களும் பால் சங்கங்களும் சேர்ந்து, எந்த ஊர்ப் பால், எந்தத் தரம், தரத்துக்கு எவ்வளவு கூடுதல் விலை என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ள எந்தச் சட்டமும் தடையாக இல்லை.

சப்பட்டை மாம்பழத்துக்கும் இதே கதைதான்

இராஜபாளையத்தில் மலையடிவாரத் தோப்புக்காரர்கள் பலர் சப்பட்டையையும் பஞ்சவர்ணத்தையும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துப் பெட்டி போட்டு அனுப்புகிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம் இது. சில விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் 'சரி, அனுப்புகிறேன்' என்று எழுதினால் அதுவும் ஒப்பந்தம்தான். மின்னணு வழியில் செய்தது என்பதற்காக அது செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. எடை, ரகம், சேதமானால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள். சொந்த நிலத்தில் விளைந்ததை விற்கும் அளவுக்கு விவசாயிக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பக்கத்துத் தோப்புப் பழத்தையும் வாங்கி விற்றால் நீங்கள் வியாபாரி. அந்த விற்பனைக்கு இந்த விலக்கு இல்லை. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம். எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரை பயன்படுத்தலாம்.

பெயரைப் பொறுத்தவரை, பதிவு ஆகாத புவிசார் குறியீட்டுக்காக உரிமை மீறல் வழக்குத் தொடுக்க முடியாது என்று 20-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆகவே, ஒரு வட்டாரப் பழத்தின் பெயர் ஊரைத் தாண்டிப் புகழ் பெறும்போதே பதிவைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

கடல் தாண்டும் பார்சல்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் உறவினர்கள் கேட்கிறார்கள் என்று அனுப்பும் முன், அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் இந்தியாவிலிருந்து போகும் பயணி தன் பையில்கூடப் பால் பொருள் கொண்டு போகக் கூடாது. 2014 மே மாதம் அந்த ஒன்றியம் பழ ஈ காரணமாக இந்திய மாம்பழத்துக்கே தடை போட்டது. வெந்நீர் நேர்த்தி போன்ற ஏற்பாடுகளைக் காட்டிய பிறகு 2015-இல்தான் தடை நீங்கியது. அமெரிக்காவுக்கு மாம்பழம் போக வேண்டுமானால் கதிர்வீச்சு நேர்த்தி கட்டாயம். 800 டாலருக்குக் குறைந்த பார்சலுக்கு இருந்த வரிவிலக்கையும் அந்நாடு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டது. சிங்கப்பூர் 2023 ஜனவரி முதல் இணையத்தில் வாங்கும் குறைந்த மதிப்புப் பொருளுக்கும் வரி விதிக்கிறது.

குறியீடும் கடல் தாண்டித் தானாகச் செல்லாது. டார்ஜிலிங் தேயிலை ஐரோப்பாவில் தனியாக விண்ணப்பித்து 2011-இல் பாதுகாப்புப் பெற்றது. இலங்கையின் 'சிலோன் கறுவா' 2022-இல் பெற்றது. சிங்கப்பூரும் 2019 முதல் தனிப் பதிவேடு வைத்திருக்கிறது.

செய்ய வேண்டியது

தயாரிப்பாளர்களே, 10 ரூபாய் விண்ணப்பத்தை இந்த மாதமே போடுங்கள். உங்கள் டப்பாவில் குறியீட்டுச் சின்னம், 14 இலக்க உணவு உரிம எண், தயாரித்த தேதி மூன்றும் இருக்கட்டும். போலியைக் கண்டால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, ஒரு டப்பா வாங்கி, ரசீதோடு வையுங்கள். சான்று இல்லாத புகார் நிற்காது.

பால் உற்பத்தியாளர்களே, அடுத்த சங்கக் கூட்டத்தில் தரத்துக்கு ஏற்ற விலை பற்றிய பேச்சை நீங்களே தொடங்குங்கள். விரிவாக்க அலுவலர்களே, பயனாளர் விண்ணப்பத்தை நிரப்ப ஒருநாள் முகாம் நடத்தினால், பத்துக் கருத்தரங்குகளை விட அது பயன் தரும்.

மத்திய அரசுக்கும் இரண்டு கோரிக்கைகள். இணைய வணிக விதிகளின் 5-ஆவது விதியில், அந்த மூன்று சட்டங்களோடு புவிசார் குறியீடுகள் சட்டத்தையும் சேர்க்க வேண்டும். குறியீடு பெற்ற பெயரில் எதை விற்றாலும், விற்பவரின் பயனாளர் பதிவு எண்ணைத் தளம் காட்ட வேண்டும். எந்த நாட்டுப் பொருள் என்று காட்டச் சொல்லும் அரசால், எந்த ஊர்ப் பொருள் என்பதற்கான சான்றையும் காட்டச் சொல்ல முடியும்.

அந்த எண் வரும்வரை வாங்குபவருக்கு விலையைத் தவிர வேறு அடையாளம் இல்லை. விலையை மட்டும் பார்த்து வாங்கும் சந்தையில் பால் ஊற்றிக் கிண்டியவர்தான் முதலில் தோற்பார்.