ஓனர் எங்கே தம்பி?

பன்னிரண்டரை லட்சம் ரூபாய் கொடுத்து 2008ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 6 சீரிஸ் கூபே ஒன்றை நான் வாங்கியது தெரிந்ததும் தோழர்கள் சிலர் கேட்டது ஒரே கேள்விதான்: "இது தேவையா?" தேவையில்லைதான். இரண்டு கதவு, 4.8 லிட்டர், எட்டு சிலிண்டர், 367 குதிரைத்திறன், சென்னை நெரிசலில் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர். இப்படி ஒரு வண்டி யாருக்குமே தேவையில்லை. ஆனால் இதே பணத்துக்குப் புதிய எஸ்.யூ.வி. ஒன்றை ஏழு வருடக் கடனில் எடுத்திருந்தால் எந்தத் தோழரும் கேட்டிருக்க மாட்டார், "வாழ்த்துகள்" போட்டுவிட்டுப் போயிருப்பார். தெருவுக்குத் தெரு நிற்கிற வண்டியை நாம் வாங்கினால் அது முன்னேற்றம், கண்ணை உறுத்துகிற வண்டியை வாங்கினால் அது ஆடம்பரம். உறுத்துவது யாருடைய கண்ணை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இந்த வகை வண்டிக்கு கிராண்ட் டூரர் என்று பெயர். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பிரபுக்களின் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பாரிஸ், ரோம், நேப்பிள்ஸ் என்று ஐரோப்பாவைச் சுற்றிவரப் போவார்கள். கூடவே ஆசிரியர், வேலைக்காரர்கள், பெட்டி படுக்கை எல்லாம் போகும். அந்தப் பயணத்தின் பெயர் கிராண்ட் டூர். பிறகு இத்தாலியர்கள் அதை கார்களுக்கு கிரான் டூரிஸ்மோ என்று வைத்தார்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போனாலும் களைப்பு தெரியாத இருக்கை, இரண்டு பேருக்கான இடம், அவர்கள் பெட்டிகளுக்கு ஒரு டிக்கி, முன்னால் பெரிய எஞ்சின். பின்னால் இரண்டு சீட் உண்டு. பள்ளிக்கூடப் பையன் உட்காரலாம், வேட்டி கட்டிய பெரியவர் உட்கார முடியாது.

பின்சீட்டு என்று ஒன்று உருப்படியாக இல்லாத கார் இது. அதனால்தான் இந்த ஊருக்கு இது புரிவதில்லை. நம் நாட்டில் காரின் கௌரவம் பின்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுவது வேலை, வேலை செய்கிறவன் கீழே. ஆகவே நான்கு கதவு சொகுசு காரை நம் நிறத்தில், நம் முகத்தில் ஒருவர் ஓட்டிவந்தால் அவர் டிரைவர் என்று முடிவுசெய்ய யாருக்கும் ஒரு நொடிகூட ஆகாது. கூபேயில் அது முடியாது, முதலாளி உட்கார இடமே கிடையாது. இருந்தும் கேட்கிறார்கள். ஹோட்டல் வாசலில், சுங்கச்சாவடியில், ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டியை ஒதுக்கிப் போடச் சொன்ன பெரியவர் என எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "ஓனர் எங்கே தம்பி?" நான்தான் என்றால் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பில் அடுத்த கேள்வி இருக்கும்.

என் அப்பா இருபத்தாறு வருடம் ஒரு ரைஸ்மில் முதலாளிக்கு அம்பாசிடர் ஓட்டினார். காலை ஐந்து மணிக்கு வண்டியைக் கழுவி, துடைத்து, முதலாளியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர்த்தெரு வழியாகவே போவார், வருவார். யாரும் நிறுத்தியதில்லை. மாலையில் வேலை முடிந்து அதே தெருவில் தன் சைக்கிளில் வரும்போது இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். அம்பாசிடரில் ஸ்டீயரிங் பிடித்த கையும் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்த கையும் ஒன்றுதான், தெருவும் ஒன்றுதான். அம்பாசிடர் அவருடையதல்ல, சைக்கிள் அவருடையது, அது ஒன்றுதான் வித்தியாசம். சாதி தடுத்தது நாம் வாகனத்தில் ஏறுவதை அல்ல, வாகனம் நம்முடையதாக இருப்பதை.

இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டு தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது என்று போகிற பட்டியல் அது. மக்கள் பணியவில்லை. குடிசைகள் எரிக்கப்பட்டன. மறுவருடம் தடைகள் பதினொன்றாயின. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை கூடாது, வீட்டுக் கதவையே பல்லக்காக்கிக்கொள்ள வேண்டும், எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் பயன்படுத்தக் கூடாது என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஜே.எச். ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்தியச் சாதி பற்றிய தன் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒருவன் தன் வீட்டுக் கதவைக் கழற்றி அதில் மாப்பிள்ளையை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று யோசித்த மூளை எப்படிப்பட்டது என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே புல்லட்டில் வீடு திரும்பிய தலித் கல்லூரி மாணவர் கைகளில் வெட்டப்பட்டார். தங்கள் முன்னால் இந்தச் சாதிக்காரன் புல்லட் ஓட்டுவதா என்று கேட்டு வெட்டினார்கள் என்பது புகார். 1931இல் வாகனமே கூடாது என்று எழுதிய அதே பழைய ராமநாதபுரம் மாவட்டத்து மண் அது. 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் ஓர் இளைஞர் கொல்லப்பட்டபோது, குதிரை வைத்திருந்ததுதான் காரணம் என்றது குடும்பம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பதும், கல்யாண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறவிடாமல் தடுப்பதும் குற்றம் என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சைக்கிள் ஓட்டும் உரிமையைத் தண்டனைச் சட்டத்தில் எழுதிப் பாதுகாக்க வேண்டிய நாட்டில்தான் "இது தேவையா?" என்று என்னைக் கேட்கிறார்கள்.

அண்ணல் அம்பேத்கர் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்தவர்களுக்கு இரண்டு வண்டிகள் நினைவிருக்கும். 1901இல் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுன் போன சிறுவர்களை ஏற்ற எந்த மாட்டுவண்டிக்காரரும் முன்வரவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டிப்பு வாடகைக்கு ஒத்துக்கொண்டார், ஆனால் பையன்களே ஓட்டவேண்டும், அவர் நடந்துவருவார் என்று. 1929இல் சாலிஸ்காவுனில் குதிரை வண்டிக்காரர்கள் மகர் ஒருவருக்கு வண்டி ஓட்டுவது தங்கள் கௌரவத்துக்குக் குறைவு என்றார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குத் தந்தார்கள். நம் ஆட்களில் ஒருவர், முன்பின் ஓட்டிப் பழகாதவர், ஓட்டினார். பாலத்துக் கற்களில் சக்கரம் மாட்டி, அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டு, கால் எலும்பு முறிந்தது. அப்போதே பாரிஸ்டர், அரசு அமைத்த குழுவில் உறுப்பினர். யார் யாருக்கு வண்டி ஓட்டுவது என்ற கேள்விக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றும் எடுபடவில்லை.

சரி, வண்டி வாங்கிய கதைக்கு வருகிறேன். ஆசைப்படுகிற இளைஞர்களுக்கு உபயோகமாகவாவது இருக்கட்டும்.

சொகுசு காரின் முதல் ஓனர்தான் அதன் பெரிய செலவைச் செய்கிறார். புதிதாக இருந்தபோது கோடியைத் தொட்ட வண்டிகள் பதினைந்து வருடத்தில் நடுத்தரக் காரின் விலைக்கு வந்துவிடும். விலைதான் இறங்கும். ஸ்பேர் பார்ட்ஸ் இன்னும் கோடி ரூபாய் காரின் விலையில்தான் விற்கும். இந்த எஞ்சினில் இரண்டு விஷயங்கள் பெயர்போனவை. ஒன்று, வால்வு சீல் தேய்ந்து ஆயில் குடிப்பது. கால்மணி நேரம் வண்டியை நிற்கவைத்து ஓடவிட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பின்னால் நீலப்புகை வருகிறதா என்று பார்க்கவேண்டும். இன்னொன்று, எஞ்சினின் நடுவே முன்னும் பின்னுமாகப் போகும் கூலன்ட் குழாயின் சீல் கசிவது. குழாய் சின்னதுதான், ஆனால் கம்பெனிக் குழாயை மாற்ற எஞ்சினின் முன்பக்கத்தையே பிரிக்கவேண்டும். வண்டி வாங்கும் முன்பு புதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவரை அழைத்துப்போனேன். அவர் புகையைப் பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார், ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்தார். "எடுக்கலாம் தம்பி. ஆனா வண்டி விலைல கால்வாசிய தனியா எடுத்து வச்சுக்கோ. அது உன் காசு இல்ல, வண்டியோட காசு" என்றார். இதைவிட நல்ல அறிவுரையை நான் எந்த வீடியோவிலும் கேட்டதில்லை. இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிக் கடனை நம்பக்கூடாது, கையில் காசு வேண்டும். பதினைந்து வருடம் தாண்டியதால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். இறக்குமதிக் காருக்கு அந்தக் கட்டணம் மட்டும் 40,000 ரூபாய்.

ஆனால் நான் முதலில் பார்த்த வண்டி இது அல்ல. முதல் வண்டிக்கு விலை பேசி முடிந்து, முன்பணம் கொடுக்கப் போனபோது விற்பவர் காபி கொடுத்து உட்காரவைத்தார். எந்த ஊர் என்றார். சொன்னேன். "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னேன், மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. மறுநாள் காலை புரோக்கர் போன் செய்து வண்டி கைமாறிவிட்டது என்றார். அடுத்த இரண்டு மாதமும் அந்த வண்டியின் விளம்பரம் அதே விலையில், அதே படங்களோடு இருந்தது. தான் ஓட்டிய வண்டியில் நான் உட்காரக் கூடாது என்று ஒருவர் இரண்டு மாதம் வட்டி இழந்ததை என்னவென்று சொல்வது. சாதிக்காக நஷ்டப்படவும் தயாராக இருப்பவர்களைச் சந்தை திருத்திவிடும் என்று நம்புகிற நண்பர்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன். இப்போதைய வண்டியை விற்ற கோவைக்காரர் எதுவும் கேட்கவில்லை. டயர் மாற்றும்போது நான்கையும் சேர்த்து மாற்றுங்கள் என்று மட்டும் சொன்னார்.

நண்பர்கள் என்று சொன்னது சும்மா அல்ல. 2005இல் தலித் தொழில் வர்த்தக சபை தொடங்கியதிலிருந்தே, மூலதனம் சாதியை உடைக்கும் என்ற வாதம் நம்மிடையே இருக்கிறது. கார் வாங்குவதையே ஒரு கலகமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. என் காரால் எங்கள் காலனியில் யாருக்கும் நிலம் வரவில்லை, பட்டா வரவில்லை. இது என் சம்பளம், என் ஆசை, அவ்வளவுதான். ஆனால் எதிர்ப்பக்கத்தில் இடதுசாரித் தோழர்கள் சொல்கிற எளிமையும் எனக்கு ஒப்பவில்லை. கதர் கட்டி மூன்றாம் வகுப்பில் போனவரை மகாத்மா என்றார்கள், கோட்டு சூட்டு போட்ட அம்பேத்கரை வெள்ளைக்காரனின் ஆள் என்றார்கள். எளிமை என்பது இருப்பவன் விட்டுக்கொடுப்பது. இருக்கவே விடாதவனிடம் போய் அதைக் கேட்டால், 1931 பட்டியலில் இருந்து அது எவ்வளவு தூரம்?

பின்கண்ணாடியில் அண்ணலின் படம் ஒட்டலாம் என்று தம்பிகள் சொன்னார்கள். சாதிப்பெயரும் பரம்பரைப் பெருமையும் ஒட்டிய வண்டிகளுக்கு நடுவில் அது வேண்டியதுதான். ஒட்டியிருக்கிறேன், சின்னதாக. எட்டு சிலிண்டர் சத்தமே போதும் என்று நினைக்கிறவன் நான், அவர்கள் கேட்கவில்லை.

நெடுஞ்சாலையில் இந்த வண்டி எப்படிப் போகும் என்று சொல்லியாக வேண்டும். திண்டிவனம் தாண்டி சாலை நேராகும்போது எஞ்சின் இருக்கிற சத்தமே கேட்காது. லாரியை முந்தக் காலைக் கொஞ்சம் அழுத்தினால் மட்டும் அடியிலிருந்து ஓர் உறுமல் வந்து அடங்கும். நூறில் போவது அறுபதில் போவதுபோல இருக்கும். நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினாலும் முதுகு வலிக்காது. இருபத்தாறு வருடம் அம்பாசிடர் ஓட்டிய முதுகை எனக்குத் தெரியும், அதனால் இதைச் சொல்கிறேன்.

அந்த நான்கு மணி நேரத்துக்குப் பிறகுதான் பிரச்சினை. வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி மிகக் குறைவு. நெடுஞ்சாலையிலிருந்து ஊர்த்தெரு முடிகிற வரை தார்ச்சாலை. அங்கிருந்து எங்கள் காலனிக்கு அறுநூறு மீட்டர் ஜல்லி, மழைக்காலத்தில் சேறு. சிறுவயதில் அந்த வழியில் நடந்திருக்கிறேன், சைக்கிளில், பைக்கில் போயிருக்கிறேன், சாலை எங்கே நிற்கிறது என்று இவ்வளவு துல்லியமாகக் கவனித்ததில்லை. இந்த வண்டி அதை அங்குலக் கணக்கில் காட்டிவிட்டது. தார் முடிகிற இடத்தில்தான் ஊர் முடிகிறது. காலனிக்குள் கொண்டுபோக முடியாது என்றால் ஊர்த்தெருவில்தான் நிறுத்தவேண்டும். அப்பா முதல் நாளே போனில் சொல்லிவிட்டார்: "பைபாஸ் பங்க்ல போட்டுட்டு வாப்பா. ரெண்டு கிலோமீட்டர் நடந்தா கால் தேஞ்சிராது." வண்டிக்கு ஒரு கீறல் விழும் என்று அவர் பயப்படவில்லை. வண்டியைப் பார்த்துவிட்டு யார் வீட்டுப் பையன்கள் இரவில் காலனிக்கு வருவார்கள் என்று பயந்தார். அந்தப் பயத்துக்கு எந்த இன்சூரன்சும் கிடையாது. பங்கில்தான் போடுகிறேன்.

அக்டோபர் 2 கிராம சபையில் அந்த அறுநூறு மீட்டருக்காக மறுபடியும் மனு கொடுத்தோம், இது நான்காவது மனு. அதில் காரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மழையில் 108 உள்ளே வரமுடியாமல் இரண்டு பிரசவங்களுக்குக் கட்டிலில் தூக்கிப்போனதை எழுதினோம். நிதி வந்ததும் பார்க்கலாம் என்றார்கள். திரும்பி வரும்போது அப்பா மெதுவாகக் கேட்டார், தார் போட்டால் உன் வண்டி வீட்டு வாசலுக்கு வருமா என்று. ஸ்பீட் பிரேக்கர் உயரமாகப் போடாமல் இருந்தால் வரும் என்றேன்.