டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள்!

ஆபரேஷனுக்கு நாள் குறித்து விட்டால், வீட்டில் என்னென்ன நடக்கிறது?

பணம் புரட்டுகிறார்கள். குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறார்கள். ரத்தம் கொடுக்க ஆள் தேடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் துணைக்கு யார் இருப்பது என்று கூடிப் பேசுகிறார்கள்.

எல்லாம் சரி. ஒன்றை மட்டும் மறந்து விடுகிறார்கள்.

நோயாளியின் சட்டைப் பையில் இருக்கும் பீடிக் கட்டை!

அதைத் தூக்கி எறிய ஒரு காசு செலவு இல்லை. ஆனால், ஆபரேஷன் நல்லபடியாக முடிவதற்கு அது செய்யும் உதவி பெரிது.

ஒரே ஒரு கேள்வி

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு டாக்டர் வந்து நோயாளியைப் பார்ப்பார். அவர் கத்தி பிடிக்கும் டாக்டர் அல்ல. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்.

"பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்று கேட்பார்.

பக்கத்தில் மனைவி இருப்பார். மாமனார் இருப்பார். வயது வந்த மகள் இருப்பாள். நோயாளி கூச்சத்தோடு, "அதெல்லாம் இல்லை டாக்டர்" என்று சொல்லி விடுவார்.

காலேஜ் பையன் என்றால் கேட்கவே வேண்டாம். பேனா போன்ற மின்சாரக் குழாயை அவன் வாயில் வைத்து இழுப்பது பெற்றவர்களுக்கே தெரியாது. அவர்கள் எதிரில் டாக்டரிடம் சொல்வானா?

இந்தப் பொய் மானத்தைக் காப்பாற்றலாம். உயிரைக் காப்பாற்றாது.

டாக்டர் நம் ஒழுக்கத்தை அளந்து பார்க்க வரவில்லை. மயக்கத்தில் இருக்கும்போது நம் மூச்சு ஓடுமா, தடைபடுமா என்று முன்கூட்டியே கணக்குப் போட வந்திருக்கிறார். தவறான விவரம் கொடுத்தால், அவருடைய கணக்கும் தவறாகத்தானே இருக்கும்?

புகை செய்யும் வேலை

பிராண வாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்வது ரத்தம். பீடி, சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அது பிராண வாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக் கொள்ளும்.

பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்தவன் எழுந்திருக்க மறுப்பது போல, அது இடத்தை விடாது. பிராண வாயு வெளியே நிற்க வேண்டியதுதான்!

ஆபரேஷன் நேரத்தில் விரல் நுனியில் ஒரு கருவியை மாட்டுவார்கள். ரத்தத்தில் பிராண வாயு எவ்வளவு என்று அது காட்டும். ஆனால், சாதாரணக் கருவிக்கு இந்த விஷ வாயுவை இனம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. விஷம் ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்றே காட்டி விடும்.

அடுத்தது, நுரையீரல். மூச்சுக் குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் உண்டு. அவை துடைப்பம் போல வேலை செய்து, சளியையும் தூசியையும் மேலே தள்ளும். புகை அந்தத் துடைப்பத்தை முடக்கி விடுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு சளி உள்ளேயே தங்கி, நிமோனியா காய்ச்சல் வருவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது, நிக்கோட்டின். இதுதான் புகையிலையில் உள்ள போதைச் சரக்கு. இது சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கி விடும். தையல் போட்ட இடத்துக்குப் போதிய ரத்தம் வராது. ரத்தம் வராத புண் எப்படி ஆறும்? சீழ் பிடிக்கிறது. தையல் பிரிகிறது. முறிந்த எலும்பு கூடத் தாமதமாகிறது.

"வெறும் ஆவிதானே!"

மின் சிகரெட் பிடிக்கும் இளைஞர்கள், "இது புகை அல்ல, வெறும் ஆவி" என்கிறார்கள்.

அதில் எதுவும் எரிவதில்லை என்பது உண்மை. அதனால், கார்பன் மோனாக்சைடு தொல்லை மிகக் குறைவு என்பதும் உண்மை.

ஆனால், அது தண்ணீர் ஆவி அல்ல. ரசாயனத் திரவத்தைச் சூடாக்கி வரும் மூட்டம். பெரும்பாலானவற்றில் நிக்கோட்டினும் இருக்கிறது. அது பீடியில் வந்தாலும், பேட்டரிக் குழாயில் வந்தாலும் ரத்தக் குழாயைச் சுருக்கத்தான் செய்யும். அந்த மூட்டம் மூச்சுக் குழாயையும் உறுத்தும்.

இந்தியாவில் 2019-ம் ஆண்டிலேயே மின் சிகரெட்டுக்குத் தடைச் சட்டம் வந்து விட்டது. தயாரிப்பதும், இறக்குமதி செய்வதும், விற்பதும் குற்றம். அதனாலேயே பையன்கள் மறைக்கிறார்கள். போலீசாரிடம் பிடித்துக் கொடுப்பதற்காக டாக்டர் கேட்பதில்லை. பயப்படாமல் சொல்லலாம்.

வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியும், மூக்குப்பொடி போடும் தாத்தாவும் அதையும் சொல்ல வேண்டும். அவற்றிலும் நிக்கோட்டின் உண்டு.

கணக்கு சொல்வது என்ன?

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1944-ம் ஆண்டிலேயே இங்கிலாந்து டாக்டர் மார்ட்டன் இதைக் கவனித்தார். வயிற்றில் ஆபரேஷன் செய்து கொண்டவர்களில், புகை பிடிப்போருக்கு நுரையீரல் தொல்லை சுமார் 6 மடங்கு அதிகம் என்று எழுதினார்.

2002-ம் ஆண்டில் டென்மார்க் நாட்டில் இருந்து ஒரு கணக்கு வெளியாயிற்று. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த 120 புகைபிடிப்போரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு, 6 முதல் 8 வாரம் முன்பே பழக்கத்தை விடவோ குறைக்கவோ உதவி செய்தார்கள். மற்றவர்களை வழக்கம் போல விட்டார்கள்.

உதவி பெறாதவர்களில் 100-க்கு 52 பேருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. உதவி பெற்றவர்களில் 100-க்கு 18 பேருக்குத்தான் வந்தது.

எத்தனை நாள் முன்னால்?

குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ம் ஆண்டில் கூறியது. அதற்கு மேல் எவ்வளவு முன்னால் விடுகிறோமோ, அவ்வளவுக்கு நல்லது.

"நாளைக்கே ஆபரேஷன். இனிமேல் விட்டு என்ன பயன்?" என்று கேட்கலாம்.

பயன் உண்டு. ஒரு நாள் விட்டாலே, ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு பெரும்பாலும் வெளியேறி விடும். கடைசி நேரத்தில் விட்டால் கெடுதல் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. பிறகு நடந்த ஆராய்ச்சிகள் அதை உறுதி செய்யவில்லை.

ஆனால், அவசர ஆபரேஷனை இதற்காகத் தள்ளிப் போடக் கூடாது. குடல்வால் வெடிக்கும் நிலையில், 4 வாரம் காத்திருக்க முடியுமா?

பழக்கத்தை விட நிக்கோட்டின் பட்டை, மிட்டாய் முதலியவை கிடைக்கின்றன. அவற்றிலும் நிக்கோட்டின் இருப்பதால், ஆபரேஷன் செய்யும் டாக்டரைக் கேட்டே உபயோகிக்க வேண்டும்.

வீட்டாரின் கடமை

திட்டாதீர்கள். திட்டினால், மறைவாகப் போய்ப் பிடிப்பார். "நாலு வாரம் பொறுத்துக் கொள்ளுங்கள், நாங்களும் கூட இருக்கிறோம்" என்று சொல்லுங்கள். டாக்டர் கேள்வி கேட்கும்போது, நாசூக்காக வெளியே போய் விடுங்கள். உண்மை தானாக வரும்.

நோயாளியைப் பார்க்கப் போகும் நண்பர்கள், "பாவம், ஒரே ஒரு இழுப்பு" என்று பீடி கொண்டு போகாதீர்கள். அது நட்பு அல்ல.

குழந்தைக்கு ஆபரேஷன் என்றால், அப்பா வீட்டில் புகை பிடிக்கக் கூடாது. பெரியவர்கள் விடும் புகையைச் சுவாசிக்கும் பிள்ளைகளுக்கு, மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுத் தொல்லை அதிகம் வருகிறது. பிடிப்பது தகப்பன், திணறுவது பிள்ளை!

விட முடியாமல் தவிப்பவர்களுக்கு, மத்திய அரசு இலவச டெலிபோன் வசதி செய்திருக்கிறது. 1800-11-2356 என்ற எண்ணில் பேசலாம். சிகரெட் பெட்டியிலேயே அந்த எண் அச்சாகி இருக்கிறது.

கத்தி பிடிப்பது டாக்டர் வேலை. மயக்க மருந்து கொடுப்பதும் டாக்டர் வேலை. புகையை விடுவது ஒன்றுதான் நோயாளியின் வேலை.

அதை அவருக்காக வேறு யாரும் செய்ய முடியாது.