கோடை இருளுக்குக் காரணம் உற்பத்திக் குறைவா?

கோடை உக்கிரமடைந்து இரவில் மின்சாரம் நின்றுபோகும்போதெல்லாம், உற்பத்தி போதவில்லை, புதிய மின் நிலையங்களை எழுப்பினால் துன்பம் தீர்ந்துவிடும் என்னும் அபிப்பிராயம், கற்றவர் கல்லாதவர் என்ற பேதமின்றி எங்கும் ஒலிக்கிறது. பிரத்தியட்ச அனுபவம் இதற்கு இடங்கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டின் மின் தேவை 2024 மே 2ஆம் தேதி 20,830 மெகாவாட் என்னும் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டபோது, அத்தேவை நிறைவேற்றப்பட்டது. ஆயினும் அதே கோடையில் சென்னையின் பல பகுதிகளில் மக்கள் நள்ளிரவில் விசிறியின்றித் தவித்தார்கள். மின்சாரம் துணை மின் நிலையம் வரையில் குறைவின்றி வந்தது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டித்தான் அதனால் வர இயலவில்லை. டிரான்ஸ்ஃபார்மருக்குள் எண்ணெயில் அமிழ்ந்து கம்பிச் சுருள்களைக் காத்து நிற்பது வெறும் காகிதம். சுருளின் உஷ்ணம் 98 பாகையைக் கடந்தபின் ஒவ்வோர் ஆறு பாகை ஏற்றத்துக்கும் அக்காகிதத்தின் ஆயுள் பாதியாகக் குறைகிறது என்பது பொறியியலார் கண்ட நியதி. பகலெல்லாம் கொதித்த அச்சாதனத்துக்கு இரவின் குளிர்ச்சியே இளைப்பாறுதல். இரவும் தகிக்க, அவ்வேளையிலேயே பாரமும் மிகுமாயின், அது எங்ஙனம் தாங்கும்?

பெரிய இருட்டடிப்புகளாவது பற்றாக்குறையால் நேர்ந்தவை அல்லவா என்பர். 2003 ஆகஸ்ட் 14ஆம் தேதி அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் ஐந்து கோடிப் பேரை இருளில் ஆழ்த்திய விபத்து, ஒகையோ மாநிலத்தில் பாரத்தால் சூடேறித் தொய்ந்த உயர் அழுத்தக் கம்பிகள், வெட்டப்படாமல் வளர்ந்திருந்த மரங்களைத் தொட்டதிலிருந்து பரவியது. நம் நாட்டில் 2012 ஜூலை 30ஆம் தேதி வடபுலத்து மின்தொகுப்பு வீழ்ந்ததோ பின்னிரவு இரண்டரை மணியளவில், பீனா–குவாலியர் மின்பாதை துண்டிக்கப்பட்டதனால்.

சூரிய ஒளி மின்சாரத்தைப் பெருக்கினால் போதும் என்போருக்கு விடை சுருக்கமானது: சேமிப்பு வசதி இல்லாதவரை, அது இரவின் பாரத்தைச் சுமக்காது.

அந்த இரவுப் பாரத்துக்குக் குளிர்சாதனம் வாங்கியவர்களே குற்றவாளிகள் என்னும் வாதந்தான் என்னை மிகவும் வருத்துகிறது. அனல் இரவில் உறங்க விரும்புவது ஆடம்பரமன்று. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அது உயிர்ப் பிரச்சினை. வீட்டுக்கு வீடு இணைப்புக்கு அனுமதி தந்து, அதற்குரிய கட்டணத்தையும் பெற்றுக்கொண்ட நிர்வாகத்தின் பொறுப்பு அத்துடன் முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரும் சுமக்கும் பாரத்தைப் பங்குனிக்கு முன்னரே அளந்து, தாங்காதவற்றை மாற்றி வைப்பதும் அதன் கடமையே.