சேர நாட்டுப் பிள்ளைகள்

பள்ளியில் மலையாளம் பயிலும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் அயலாகிவிடுமோ என்று வைட்டிலாவில் வாழும் பெற்றோர் பலர் கவலுகின்றனர். கவலை நியாயமே. ஆயினும், இம்மண் தமிழுக்கு அயலன்று. சேர மன்னரைப் பாடிய பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் மறைந்தன. எஞ்சிய எட்டினை உ. வே. சாமிநாதையர் 1904-இல் அச்சேற்றினார். சேர நாட்டுக் குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியின் 105 பாசுரங்களைத் தமிழில் அருளினார். வடமொழி முகுந்தமாலையும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒருவர் இருமொழியில் பாடுவது இந்நாட்டுக்குப் புதிதன்று என்க.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர் மலையாளக் கவிஞர் ஜி. சங்கர குறுப்பு, 1965-ஆம் ஆண்டுக்குரிய முதல் ஞானபீடப் பரிசு அவருக்கே கிட்டிற்று. அவரைப் பிள்ளைகள் பள்ளியில் விரும்பிக் கற்கட்டும். ஆழ்வாரை நாம் வீட்டில் கற்பிப்போம். நாளுக்கு ஒரு பாசுரமெனின், நான்கு திங்களுக்குள் நூல் முற்றும். அன்பர்களே, இன்றிரவே தொடங்கலாமே!